ஹப் புரதமெல்லாம் மருந்து இலக்கா? நோய் வலையமைப்பு ஆய்வில் முறைகளும் சறுக்கும் இடங்களும்

புதுவரவு_உயிர்தகவல்

நோய்களுக்கு மருந்து இலக்கு தேடும் ஆய்வுகள் ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகளாக வந்துகொண்டிருக்கின்றன. நோய்க்கான மரபணுப் பட்டியலை ஜீன்கார்ட்ஸ், டிஸ்ஜெநெட் போன்ற தரவுத்தளங்களில் எடுக்கிறார்கள். ஒரு சேர்மத்தின் இலக்குகளை இணையக் கருவியில் கணிக்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவானவற்றை புரத இணைப்புத் தரவுத்தளமான ஸ்ட்ரிங்கில் போட்டு, வலை வரையும் மென்பொருளான சைட்டோஸ்கேப்பில் சைட்டோஹப்பா செருகுநிரலை ஓட்டி, முதல் பத்து ஹப்களை (அதிக இணைப்புள்ள புரதங்களை) "முக்கிய இலக்குகள்" என்று அறிவித்துவிடுகிறார்கள். நீரிழிவோ, மூட்டுவாதமோ, ஆல்சைமரோ, கடைசியில் வந்து நிற்பது டிபி53, ஏகேடி1, டிஎன்எஃப், ஐஎல்6, ஈஜிஎஃப்ஆர் என்ற அதே மரபணுக்கள்தான்.

எந்த நோயைக் கேட்டாலும் இதே பதில் என்றால் அந்த முறை எதைத்தான் அளக்கிறது? ஒழுங்காகச் செய்ய எந்த வலையமைப்பை எடுப்பது, எங்கே வெட்டுவது, எப்படிச் சோதிப்பது?

வலைக்கணு

அது அளப்பது புகழை. டிபி53 பற்றி எழுதப்பட்ட அளவுக்கு வேறு மனித மரபணு எதைப் பற்றியும் எழுதப்படவில்லை. அதிகம் தேடினார்கள், அதிக இணைப்பு கிடைத்தது. அப்படி வீங்கிய இணைப்பெண்ணிக்கையை வைத்தே "முக்கியம்" என்று சொன்னால் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வருகிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தத் துறையின் தொடக்க ஆய்வே இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருக்கிறது. 2007இல் வலையமைப்பு அறிவியலாளர் பாரபாசியின் குழு ஓமிம் என்ற மரபு நோய்த் தரவுத்தளத்திலிருந்து 1,284 நோய்களையும் 1,777 மரபணுக்களையும் இணைத்து மனித நோய் வலையமைப்பை வரைந்தது. உயிர்வாழ இன்றியமையாத மரபணுக்கள்தான் ஹப்களாக இருக்கின்றன; நோய் மரபணுக்களில் மிகப் பெரும்பாலானவை ஹப்பாக இருக்கும் போக்கைக் காட்டவில்லை, வலையின் ஓரப்பகுதியில் இருக்கின்றன என்பது அதன் முக்கிய முடிவு. காரணமும் எளிது. நடு ஹப் பழுதானால் கரு பிறப்பு வரைக்கும் வராது. ஆள் பிழைத்திருந்தால்தானே நோய் என்று ஒன்று பதிவாகும்.

மருந்துக்கும் இதே கதைதான். ஹப்பை அடைத்தால் விளைவு நிச்சயம் இருக்கும். அது சிகிச்சை விளைவா, நச்சு விளைவா என்பதுதான் கேள்வி.

நிரல்மொழி

நடைமுறைக்கு வருகிறேன்.

ஸ்ட்ரிங்கின் இயல்புநிலை வெட்டெல்லை 0.4. அந்த எண் இணைப்பின் வலிமை அல்ல, "இப்படியொரு தொடர்பு உண்மையில் இருக்கிறது" என்பதற்கான நம்பகம் மட்டுமே. அதிலும் ஏழு வகைச் சான்றுகள் ஒன்றாகக் கலந்துவருகின்றன. உரைத்தேடல் வழியில் இரண்டு மரபணுப் பெயர்கள் ஒரே சுருக்கத்தில் அடிக்கடி வந்தாலே போதும், மதிப்பெண் ஏறிவிடும். ஐஎல்6 ஏன் எல்லாரோடும் கைகுலுக்குகிறது என்பதற்கு விடை இங்கேயே கிடைத்துவிடும்.

பாதை நீளம் (ஒரு புரதத்திலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை இணைப்பு தாண்டவேண்டும் என்பது) கணக்கிடும் வேலை என்றால் இயற்பியல் துணைவலையை (புரதங்கள் உண்மையில் ஒட்டிச் சேர்வதற்குச் சான்றுள்ள பகுதியை) மட்டும் எடுங்கள், 0.7க்குக் குறையாமல். இன்னும் நல்லது, பயோகிரிட், இன்டாக்ட் போன்ற தரவுத்தளங்களிலிருந்து சோதனைச் சான்று உள்ளவற்றை மட்டும் தொகுப்பது. பயோகிரிட்டில் மரபியல் இடைவினைகளும் (புரதங்கள் தொடாமலே மரபணு விளைவில் மட்டும் தெரியும் தொடர்புகள்) கலந்திருக்கும். வகைப் பத்தியைப் பார்த்து அவற்றை நீக்குங்கள். யுபிக்விட்டின் மரபணுவான யுபிசியையும் எடுத்துவிடுங்கள். குப்பைக்குப் போகவேண்டிய புரதங்களில் ஒட்டும் முத்திரை அது. அதை விட்டுவைத்தால் எந்த இரண்டு புரதமும் இரண்டே படியில் சேர்ந்துவிடும்.

ஆய்வுச் சாய்வு இல்லாத வலை வேண்டுமென்றால் 2020இல் வெளியான ஹூரி இருக்கிறது. ஈஸ்ட் செல்லுக்குள் இரண்டு புரதங்கள் ஒட்டுகின்றனவா என்று பார்க்கும் இருகலப்பு முறையில் பெரும்பாலான புரத இணைகளை ஒரே தரத்தில் சோதித்தது. 8,275 புரதங்கள், ஏறக்குறைய 53,000 இணைப்புகள். முழுமை குறைவு, ஆனால் புகழ்ச் சாய்வு கிடையாது. முடிவை இரண்டு வலையிலும் ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் வந்தால் சந்தேகப்படுங்கள்.

புதுவரவு_உயிர்தகவல்

நன்றி. மரபணுப் பட்டியல் எத்தனை பெரிதாக இருக்கவேண்டும்? 12 மரபணு மட்டும் உள்ள அரிய நோய்க்கு இதைச் செய்யலாமா?

வலைக்கணு

நோய்த்தொகுதி (ஒரு நோயின் மரபணுக்கள் வலையில் கூடியிருக்கும் பகுதி) தேடும் வேலைக்கு 12 போதாது. 2015இல் வெளியான ஆய்வில் 13,460 புரதங்களும் 141,296 இணைப்புகளும் கொண்ட வலையில், குறைந்தது 20 மரபணு உள்ள 299 நோய்களை மட்டுமே எடுத்தார்கள். அவற்றில் 226 நோய்களின் மரபணுக்கள் தற்செயலைவிட நெருக்கமாகக் கூடியிருந்தன. நம் கையில் இருக்கும் வலை முழுமையில்லாதது. இடையில் இருக்கவேண்டிய இணைப்புகள் இன்னும் கண்டுபிடிக்கப்படாததால், சிறிய பட்டியல் துண்டு துண்டாகச் சிதறித்தான் தெரியும். "தொகுதி இல்லை" என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது.

12 மரபணுவை விதையாக வைத்து மறுதொடக்கச் சீரற்ற நடை (இணைப்புகளில் குருட்டாம்போக்கில் நடந்து, அவ்வப்போது விதைக்கே திரும்பும் கணக்கு) ஓட்டி அண்டை மரபணுக்களைத் தரவரிசைப்படுத்தலாம். மறுதொடக்க நிகழ்தகவு 0.7 என்று பலர் வைக்கிறார்கள். 0.3 முதல் 0.8 வரை மாற்றிப் பாருங்கள், முதல் இருபது பெயர்கள் பெரிதாக ஆடக்கூடாது. ஒவ்வொரு விதையையும் ஒருமுறை மறைத்து, அது தானாக மேலே வருகிறதா என்றும் பாருங்கள். வரவில்லை என்றால் அந்தப் பட்டியலை அதோடு விட்டுவிடலாம்.

ஓரக்குறிப்பு

பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதை யாரும் கேட்கவில்லையே.

ஜிவாஸ் ஆய்வு (மரபணுத்தொகை முழுவதிலும் நோயோடு தொடர்புள்ள மாற்றங்களைத் தேடுவது) தருவது குரோமோசோமில் ஓர் இடத்தை. அதற்கு அருகில் இருக்கும் மரபணுதான் குற்றவாளி என்று எடுத்துக்கொள்வது வெறும் வசதி. உடற்பருமனோடு தொடர்புள்ள மாற்றங்கள் எஃப்டிஓ மரபணுவின் உள்ளேயே இருக்கின்றன. ஆனால் அவை தொலைவில் இருக்கும் ஐஆர்எக்ஸ்3, ஐஆர்எக்ஸ்5 மரபணுக்களின் வெளிப்பாட்டைத்தான் மாற்றுகின்றன என்று 2014, 2015 ஆய்வுகள் காட்டின. எஃப்டிஓவை விதையாக நட்டால் வலையின் வேறொரு மூலையில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தன்தடுப்பு நோய் (உடலின் நோயெதிர்ப்பே உடலைத் தாக்குவது) என்றால் 6ஆம் குரோமோசோமில் நோயெதிர்ப்பு மரபணுக்கள் நிறைந்த எச்எல்ஏ பகுதியைத் தனியாகப் பிரித்துவையுங்கள். அங்கே மரபணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்தே கடத்தப்படுவதால், ஒரே சைகைக்குப் பத்து பதினைந்து பக்கத்துவீட்டு மரபணுக்கள் பட்டியலில் ஏறிவிடும். அவை கூட்டமாக இருப்பது நோயால் அல்ல, குரோமோசோமில் அடுத்தடுத்து இருப்பதால்.

இன்னொன்று, எக்செல். மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிவிடும். இதற்காகவே 2020இல் அவற்றின் அதிகாரப்பூர்வப் பெயர்களை மாற்றவேண்டி வந்தது. பழைய கோப்பு கையில் இருந்தால் பத்தியை முதலிலேயே உரை வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் திறவுங்கள்.

நிரல்மொழி

இனி மருந்துக்கும் நோய்க்கும் உள்ள நெருக்கம். 2016 முதல் பரவலாகப் பயன்படும் அளவை இது: மருந்தின் ஒவ்வொரு இலக்கிலிருந்தும் மிக அருகிலுள்ள நோய் மரபணுவுக்கு எத்தனை படி என்று எண்ணி, சராசரி எடுப்பது. அந்தச் சராசரியை அப்படியே வைத்து ஒப்பிடுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு.

விளக்கத்துக்காக மட்டும் எண்களைப் போடுகிறேன். மருந்து அ: மூன்று இலக்குகள், தொலைவுகள் 0, 1, 2. சராசரி 1. மருந்து ஆ: இரண்டு இலக்குகள், தொலைவுகள் 1, 1. இதற்கும் சராசரி 1. அ-வின் இலக்குகள் ஓரத்துப் புரதங்கள். அதே இணைப்பெண்ணிக்கை உள்ள சீரற்ற புரதங்களை 1,000 முறை எடுத்தால் சராசரி 1.9, திட்ட விலக்கம் 0.35 வருகிறது என்று வையுங்கள். இசட் மதிப்பு (சீரற்ற சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளியிருக்கிறது என்பது) மைனஸ் 2.57. ஆ-வின் இலக்குகள் பெரிய ஹப்கள். சீரற்ற சராசரியே 1.15, விலக்கம் 0.3. இசட் மைனஸ் 0.5. ஹப் யாருக்கும் பக்கம்தான். அது இந்த நோய்க்குப் பக்கமாக இருப்பதில் புதிதாக ஒன்றும் இல்லை.

சீரற்ற தேர்வில் நோய் மரபணுக்களையும் மருந்து இலக்குகளையும் இரண்டையும் மாற்றவேண்டும். இணைப்பெண்ணிக்கையைத் துல்லியமாகப் பொருத்த முயலாதீர்கள். மிகப் பெரிய ஹப்புக்கு அதே எண்ணிக்கையில் இன்னொரு ஜோடி கிடைக்காது. ஒவ்வொரு முறையும் அதுவே தேர்வாகும், விலக்கம் சுருங்கிப்போகும், இசட் மதிப்பு கன்னாபின்னாவென்று வரும். இணைப்பெண்ணிக்கை வாரியாக அடுக்கி, அருகருகே உள்ளவற்றைச் சேர்த்து, ஒவ்வொரு கூடையிலும் குறைந்தது 100 புரதம் இருக்குமாறு பிரித்துக்கொள்ளுங்கள்.

புதுவரவு_உயிர்தகவல்

> 1,000 முறை

இது போதுமா? ஆயிரக்கணக்கான மருந்துகளை ஓட்டினால்?

நிரல்மொழி

போதாது, எண்ணிப் பார்த்தாலே தெரியும். 1,000 முறை ஓட்டினால் கிடைக்கக்கூடிய மிகச்சிறிய பி மதிப்பே (தற்செயலாகவே இப்படி வரும் நிகழ்தகவு) 1,001இல் ஒன்று. 6,000 மருந்துக்குப் போன்பெரோனி திருத்தம் போட்டால் (சோதனை எண்ணிக்கையால் பி மதிப்பைப் பெருக்கினால்) அது 1ஐத் தாண்டிவிடும். உலகின் மிகச்சிறந்த மருந்தும் தோற்கும். இசட்டிலிருந்து பி மதிப்பு எடுக்கலாம் என்பார்கள். ஆனால் ஒரே இலக்கு உள்ள மருந்துக்குத் தொலைவு 0, 1, 2, 3 என்று நாலே மதிப்புதான். இயல்நிலைப் பரவல் அங்கே பொருந்தாது. முதலில் 1,000 ஓட்டி, மேலே வந்த சில நூறை மட்டும் 1,00,000 முறை ஓட்டுங்கள். எல்லாக் கணுவிலிருந்தும் எல்லாக் கணுவுக்குமான தொலைவை முன்கூட்டியே ஒரு அணியாகக் கணக்கிட்டு வைத்துக்கொண்டால், பிறகு நடப்பது வெறும் அட்டவணைத் தேடல். 13,000 கணு என்றால் ஒரு பைட் எண்ணில் ஏறக்குறைய 170 மெகாபைட். மடிக்கணினியே தாங்கும்.

மருந்தியல்_மேசை

கணக்குப் போடுகிறவர்கள் இலக்குப் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். மருந்துத் தரவுத்தளமான டிரக்பேங்கில் இலக்கு, நொதி, கடத்தி, ஏந்தி என்று நான்கு வகைகள் இருக்கின்றன. நான்கையும் சேர்த்து இறக்கினால் சிஒய்பி3ஏ4, பி-கிளைக்கோபுரதம், ஆல்புமின் எல்லாம் "இலக்கு" ஆகிவிடும். மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிக்கும் மருந்து வேலை செய்யும் இடத்துக்கும் வித்தியாசம் தெரியாத வலையில் எல்லா மருந்தும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அடுத்து, பிணைப்பு வலிமை. எவ்வளவு குறைந்த செறிவில் பிணைகிறதோ அவ்வளவு வலு. 10 மைக்ரோமோலார் வரை ஏற்கலாம் என்ற வழக்கம் இருக்கிறது. எனக்கு அது மிகத் தாராளம். இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் திரியும் மருந்தின் உச்சச் செறிவு 0.1 மைக்ரோமோலார் என்றால், 10 மைக்ரோமோலாரில் பிணையும் புரதத்தில் நூற்றில் ஒரு பங்குகூட நிரம்பாது. சோதனைக்குழாயில் உண்மை, உடம்பில் பொய். 1 மைக்ரோமோலாரில் வெட்டி, பிறகு ஒவ்வொரு இலக்கையும் அந்த உச்சச் செறிவோடு ஒப்பிடுங்கள். மூலிகைச் சேர்மக் கட்டுரைகளில் வாய்வழி உயிர்ப்பேறு 30%, மருந்துத்தன்மை 0.18 என்று இரண்டு வடிகட்டிகள் போடுவார்கள். இரண்டுமே கணிப்புகள், செறிவைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஓரக்குறிப்பு

எல்லாவற்றையும்விட பெரிய ஓட்டை: நெருக்கத்துக்குத் திசை தெரியாது. நோய்த்தொகுதிக்குப் பக்கத்தில் வேலை செய்யும் மருந்து நோயைத் தணிக்கலாம், கிளறியும் விடலாம். 2018இல் இதே முறையில் இதயத்தமனி நோய்க்குப் பக்கத்தில் வந்த மருந்துகளைப் பெரிய காப்பீட்டுத் தரவுகளில் சரிபார்த்தார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுத்தவர்களிடம் அபாயம் குறைவாகவும், கார்பமசெபைன் எடுத்தவர்களிடம் கூடுதலாகவும் இருந்தது. இரண்டுமே "நெருக்கம்" என்று வந்தவைதான்.

எனவே நெருக்கத்துக்குப் பிறகு வெளிப்பாட்டுத் தடத்தைச் சேருங்கள். நோயில் ஏறிய மரபணுக்களை மருந்து இறக்குகிறதா என்று பார்ப்பது. மருந்து கொடுத்த செல்களின் மரபணு வெளிப்பாட்டைத் தொகுத்த எல்1000 தரவில் 978 அடையாள மரபணுக்கள் நேரடியாக அளக்கப்பட்டவை, மீதி கணித்தவை. உங்கள் முடிவு கணித்த மரபணுக்களை மட்டும் நம்பியிருந்தால் கவனம். செல் வகையும் முக்கியம். மூளை நோய்க்கு மார்பகப் புற்றுச் செல்லில் எடுத்த தடத்தை வைத்து வாதிடுவதில் அர்த்தமில்லை.

புற்றியல்_வாசகர்

திசையும் திசுவும் ஏன் முக்கியம் என்பதற்கு பிராஃப் மரபணுவின் வி600ஈ மாற்றத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

அதே மாற்றம் மெலனோமா என்ற தோல் புற்றிலும் வருகிறது, பெருங்குடல் புற்றிலும் வருகிறது. பிராஃபை அடைக்கும், 2011இல் அனுமதி பெற்ற வெமுராஃபெனிப் மெலனோமாவில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டியைச் சுருக்கியது. பெருங்குடலில் சுமார் 5% தான். நிலையான புரத வரைபடத்தில் இரண்டும் ஒரே கணு, ஒரே அண்டைகள்.

2012இல் காரணம் தெரிந்தது. பிராஃபை அடைத்ததும் அதன் கீழே வளர்ச்சிச் சைகையைக் கடத்தும் ஈஆர்கே புரதத்தின் செயல்பாடு இறங்குகிறது. ஈஆர்கே இருந்தவரை ஒரு பாஸ்பட்டேஸ் வழியாக ஈஜிஎஃப்ஆரை அடக்கிவைத்திருந்தது. பூட்டு கழன்றதும் ஈஜிஎஃப்ஆர் விழித்து, வேறு வழியாக வளர்ச்சிச் சைகையை மறுபடி ஓட்டுகிறது. மெலனோமாச் செல்களில் ஈஜிஎஃப்ஆர் மிகக் குறைவு, எனவே இந்தச் சுற்றுப்பாதை அங்கே இல்லை. பெருங்குடல் மேற்படலச் செல்லில் தாராளமாக இருக்கிறது. விடை இரண்டு முனையையும் சேர்த்து அடைப்பது. என்கோராஃபெனிபும் (பிராஃபை அடைப்பது) செட்டுக்சிமாப்பும் (ஈஜிஎஃப்ஆரை அடைப்பது) இணைந்த சிகிச்சைக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

கவனிக்க, ஹப் எண்ணும் எந்தக் கருவியும் இதைச் சொல்லியிருக்காது. எதிர்மறைப் பின்னூட்டம் என்ற குறியுள்ள அம்பு வேண்டும், அந்த அம்பு எந்தத் திசுவில் உயிரோடு இருக்கிறது என்ற தகவலும் வேண்டும்.

வலைக்கணு

அருமை. இதோடு ஒன்று சேர்க்கிறேன். மாற்றம் என்றால் கணுவை அழிப்பது என்றே எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். 2015இல் ஆயிரக்கணக்கான நோய் மாற்றங்களைச் சோதித்தபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு புரத இணைப்புகளைப் பாதித்தன. அவற்றில் பாதி அளவு சில இணைப்புகளை மட்டும் அறுத்து, மற்றவற்றை அப்படியே விட்டன. ஒரே மரபணுவின் இரண்டு மாற்றங்கள் இரண்டு வெவ்வேறு நோய்களைத் தருவதற்கு இது ஒரு விளக்கம். கணு நீக்கக் கணக்கில் அவை இரண்டும் ஒன்றாகிவிடும்.

திசுவுக்கு எளிய வழி: திசு வாரியாக மரபணு வெளிப்பாட்டைத் தரும் ஜிடெக்ஸ் தரவில் அந்தத் திசுவில் ஒரு டிபிஎம்முக்குக் (வெளிப்பாட்டின் அலகு) கீழே உள்ள மரபணுக்களை நீக்கிவிட்டு வலையை மறுபடி கட்டுவது. ஆனால் நீக்கியபின் சீரற்ற ஒப்பீட்டையும் அந்தச் சிறிய வலைக்குள்ளேயே புதிதாகச் செய்யவேண்டும். பழைய வலையின் சராசரியை இதற்குப் போட்டால் எல்லாமே தொலைவாகத் தெரியும்.

புதுவரவு_உயிர்தகவல்

கூட்டு மருந்து பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். இரண்டு மருந்தும் நோய்த்தொகுதிக்குப் பக்கம் என்றால் சேர்த்துக் கொடுக்கலாம் என்று பொருளா?

மருந்தியல்_மேசை

இல்லை. 2019இல் இரத்த அழுத்த, புற்றுநோய்க் கூட்டு மருந்துகளை வைத்துப் பார்த்ததில், வேலை செய்த அமைப்பு ஒன்றுதான்: இரண்டு மருந்தும் நோய்த்தொகுதியைத் தொடவேண்டும், ஆனால் தங்களுக்குள் விலகியிருக்கவேண்டும். இரண்டின் இலக்குகளும் ஒரே இடத்தில் குவிந்தால் பக்கவிளைவுதான் கூடும்.

விலகலை அளப்பது இப்படி: அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையேயான சராசரித் தொலைவிலிருந்து, அ-வின் உள்தொலைவு, ஆ-வின் உள்தொலைவு இரண்டின் சராசரியைக் கழியுங்கள். எதிர்ம எண் வந்தால் மேற்பொருந்துகின்றன, சுழியோ நேர்ம எண்ணோ என்றால் தனித்தனி. ஒரே இலக்குள்ள மருந்துக்கு உள்தொலைவு சுழி என்பதால் இந்த எண் செயற்கையாக நேர்மப் பக்கம் சாயும். அத்தகைய மருந்துகளைத் தனிப் பட்டியலில் வையுங்கள்.

கேள்விக்குறி_7

இவ்வளவும் சரி, கடைசியில் நோயாளிக்கு ஏதாவது வந்து சேர்ந்ததா? கோவிட் காலத்தில் வந்த அறிவிப்புகள் எல்லாம் என்ன ஆயின?

ஓரக்குறிப்பு

நியாயமான கேள்வி. கலவையான பதில்.

2020இல் வைரஸ் பிணையும் 332 மனிதப் புரதங்களின் பட்டியல் வந்தது. அதை வைத்து ஒரு குழு 6,340 மருந்துகளைப் பல முறைகளில் வரிசைப்படுத்தியது. 918 மருந்துகளைக் குரங்குச் சிறுநீரகச் செல்லான வீரோ ஈ6இல் சோதித்ததில் 77 மருந்துகள் தொற்றைக் குறைத்தன. அவற்றில் 76, வைரஸ் தொடும் புரதங்களில் நேரடியாகப் பிணையாதவை. "மருந்து தொலைவிலிருந்து வலை வழியாக வேலை செய்கிறது" என்பதற்கு நல்ல சான்றாகத் தோன்றுகிறது அல்லவா?

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். வீரோ செல்லில், வைரஸ் நுழைய உதவும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 நொதி போதுமான அளவு இல்லை. அதனால் வைரஸ் உள்ளே போவது எண்டோசோம் (செல் உள்ளிழுக்கும் சிறு பை) வழியாக. குளோரோகுயின் அங்கே தடுக்கும். மனித நுரையீரல் செல்லான காலு-3இல் தடுக்கவில்லை. நோயாளிகளிடம் நடந்த ரெக்கவரி சோதனையில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மரணத்தைக் குறைக்காததும் நினைவிருக்கும். இரண்டாவது, நேர்மின்னூட்டமும் கொழுப்பு நாட்டமும் ஒருங்கே உள்ள பல மருந்துகள் செல்லுக்குள் பாஸ்போலிப்பிடைத் தேக்கி, அதனாலேயே வைரஸைக் குறைப்பதுபோலக் காட்டும். 2021இல் இது தெளிவாக வெளிவந்தது. அது வலை விளைவே அல்ல, சேர்மத்தின் வேதியியல் குணம். உங்கள் வெற்றிப் பட்டியலில் அமியோடரோன் வகையறா நிறைய இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

மறுபக்கம் பாரிசிட்டினிப். மூட்டுவாத மருந்து. 2020 பிப்ரவரியில் அறிவு வரைபடத் தேடல் வழியாகப் பரிந்துரைக்கப்பட்டது. செல்லுக்குள் வைரஸ் நுழைவோடு தொடர்புள்ள ஏஏகே1ஐயும் அழற்சிச் சைகை தரும் ஜேக் நொதிகளையும் ஒரே மருந்து தொடுகிறது என்ற வாதத்தோடு. பெரிய சோதனைகளில் மரணம் குறைந்தது, 2022 மே மாதத்தில் அமெரிக்காவில் மருத்துவமனை நோயாளிகளுக்கு முழு அனுமதி கிடைத்தது. பலன் பெரும்பாலும் அழற்சியை அடக்கியதால்தான் என்பது என் கருத்து.

கேள்விக்குறி_7

நூற்றுக்கணக்கில் சொன்னால் ஒன்று பலிக்கத்தானே செய்யும்.

ஓரக்குறிப்பு

அதனால்தான் வரிசை முக்கியம். எத்தனை பலித்தது என்பதைவிட, பட்டியலின் முதல் 100இல் எத்தனை, கடைசி 100இல் எத்தனை என்று கேட்கவேண்டும். இரண்டும் ஒன்று என்றால் முறைக்கு மதிப்பில்லை.

நிரல்மொழி

மதிப்பீட்டில் இன்னொரு கண்ணி. ஏற்கெனவே தெரிந்த மருந்து–நோய் இணைகளை மறைத்துக் கண்டுபிடிப்பதைச் சாதனையாகக் காட்டுவார்கள். ஆனால் அந்த மருந்து வேலை செய்தது தெரிந்தபிறகுதான் அதன் இலக்கை அந்த நோயின் மரபணுவாகத் தரவுத்தளத்தில் சேர்த்திருப்பார்கள். விடைத்தாளைப் பார்த்து எழுதிய தேர்வு. காலவெட்டு வையுங்கள்: ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்கு முந்தைய தரவு வெளியீட்டை மட்டும் வைத்துக் கணித்து, அதன்பின் வந்தவற்றில் சோதியுங்கள். ஸ்ட்ரிங், பயோகிரிட் இரண்டிலும் பழைய பதிப்புகள் கிடைக்கின்றன.

புதுவரவு_உயிர்தகவல்

இணைநோய்த் தரவை (ஒருவருக்கே சேர்ந்து வரும் நோய்களின் பதிவை) வைத்து நோய்–நோய் வலை கட்டுவது மேலா? அதில் புரதச் சாய்வு இருக்காதே.

வலைக்கணு

வேறு சாய்வு இருக்கும். 2009இல் 3 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளை வைத்து அப்படியொரு வலை வந்தது. ஒப்பு அபாயம் (இரண்டு நோயும் சேர்ந்து வருவது தற்செயலைவிட எத்தனை மடங்கு என்பது) அரிய நோய் இணைகளை ஊதிப் பெருக்கும். ஃபை ஒட்டுறவு என்ற இன்னொரு அளவை ஓர் அரிய நோயும் ஒரு பரவலான நோயும் சேரும் இணையைக் குறைத்துக் காட்டும். இரண்டையும் கணக்கிட்டு, இரண்டிலும் தேறுவதை மட்டும் வையுங்கள். வயது, பால் வாரியாகப் பிரிக்காவிட்டால் கண்புரைக்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் பலமான இணைப்பு வரும், இரண்டுமே முதுமையில் வருவதால். ஒரு நோய்க்கான மருந்து இன்னொன்றை உண்டாக்குவதையும் மறக்கவேண்டாம்: ஸ்டீராய்டு எடுப்பவருக்கு எலும்புத் தேய்மானம். அந்த இணைப்பு மருத்துவச்சீட்டிலிருந்து வந்தது, மரபணுவிலிருந்து அல்ல. எந்த நோய் முதலில் பதிவானது என்ற தேதி இருந்தால் அம்பு போடலாம். இல்லையென்றால் கோடு மட்டும்.

புதுவரவு_உயிர்தகவல்

சரி, பட்டியலிலிருந்து மறுபடி தொடங்குகிறேன். டிஸ்ஜெநெட்டில் உரைத்தேடல் மூலங்களை நீக்கிவிட்டால் 60 மரபணு 23 ஆகிறது. வேலைக்கு ஆகுமா?

வலைக்கணு

23 ஆகும். அவை வலையில் உருவாக்கும் மிகப்பெரிய இணைந்த துண்டில் எத்தனை மரபணு என்று எண்ணி, இணைப்பெண்ணிக்கை பொருந்திய சீரற்ற 23களோடு ஒப்பிட்டுவிட்டு வாருங்கள். மருந்துப் பக்கம் அதன்பிறகு.

நிரல்மொழி

தரவுப் பதிப்பு எண்ணையும் சீரற்ற தேர்வைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணையும் கோப்பிலேயே எழுதிவைத்துவிடுங்கள்.